கச்சேரி மேட்டுச் சங்கு

நெடுங்கரை நகராட்சிச் சங்கு ஒரு புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு, என்றைக்கும்போல ஒரு நிமிடம் ஊதியபோது, மேலத் தெருவில் பால் கறந்துகொண்டிருந்தவர்களுக்கு அது பெருமாள் கோவில் சேகண்டியாகவும், பள்ளிவாசல் தெருவில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர்களுக்குப் பாங்கு ஓசையாகவும், மாதா கோவில் சந்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பூசை மணியாகவும், ஏரிக்கரைத் தெருவில் இன்னும் எழுந்திராமல் படுத்திருந்த காளி கோவில் குடிகளுக்கு உடுக்கையாகவும் கேட்டது. யாரும் பாலைக் கொட்டிவிடவில்லை, யாரும் மயங்கி விழவும் இல்லை. டீக்கடையில் பாய்லரைப் பற்றவைத்துக்கொண்டிருந்த குப்புராஜ், "இன்னிக்குச் சங்கு தேவலையே" என்று சொல்லிவிட்டுப் பாலை ஊற்றினான்.

அதுவரை அது ஒரு மின்சாரக் கருவி, அவ்வளவுதான். கச்சேரி மேட்டில், நகராட்சி அலுவலகத்தின் மொட்டை மாடியில், இரும்புச் சட்டத்தின்மேல் கவிழ்த்து வைத்த அண்டாவைப்போல உட்கார்ந்திருக்கும். மூன்று வேளை ஊதும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது தவறு, நான்கு வேளை. காலைச் சங்குக்குத் தறிகள் ஓடத் தொடங்கும், பகல் பன்னிரண்டு மணிச் சங்குக்கு நிற்கும், மாலை ஐந்து மணிச் சங்குக்கு ரேஷன் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார், இரவு எட்டு மணிச் சங்குக்கு மீன் மார்க்கெட்டில் விளக்கை அணைப்பார்கள். இவை தவிர, ஏரிக்கு ஆபத்து என்றால் நேரங்காலம் பாராமல், நிறுத்தாமல் ஊத வேண்டும், அதைக் கேட்டவர்கள் கச்சேரி மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்று சங்கு அறையின் சுவரில் பெயின்டால் எழுதியிருந்தது. ஏரிக்குக் கீழே கிடக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் ஏறாத இடம் அந்த மேடு ஒன்றுதான். பெண்டாட்டி சொல்லைக் கேட்காதவனும் சாமி சொல்லைக் கேட்காதவனும் சங்கின் சொல்லைக் கேட்டான், ஏனென்றால் அது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, யாருடைய தெரு என்று பார்த்து ஊதியதும் இல்லை.

சங்கை ஊதியவள் மரகதம். பொத்தானில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் சங்கு முனகி அடங்கிவிடும். அவள் மேலத் தெருத் தறிக்காரர் வீட்டில் பிறந்து, அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணியைக் கட்டிக்கொண்டு, அவன் செத்த பிறகு வாரிசு வேலையாக அதை வாங்கிக்கொண்டு, பள்ளிவாசல் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தாள். ஆகவே மூன்று தெருக்காரர்களும் அவளைத் தங்கள் ஆள் என்று நினைத்ததில்லை. அதுவரை அது ஒரு குறையாக யாருக்கும் பட்டதும் இல்லை. சங்குக்கு நேர் அடியில் நிற்பதால் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வாள். ஊர் முழுக்கக் கடவுளைக் கேட்ட அந்தக் காலையில் அவளுக்கு மட்டும், பஞ்சுக்குள் வடிகட்டி, வழக்கமான உறுமல்தான் கேட்டது.

பகல் பன்னிரண்டுக்கும் அப்படியே, மாலை ஐந்துக்கும் அப்படியே. வெள்ளிக்கிழமைக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டுவிட்டது. தறிக்கொட்டகைகளில் நாடாவைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சங்கு ஊதி முடியும்வரை கண்ணை மூடி நின்றார்கள். மீன் மார்க்கெட்டில் தராசில் மீன் இருக்கும்போதே கைகூப்பினார்கள். கச்சேரி மேட்டின் அடிவாரத்தில் இரண்டு பேர் கற்பூரத்தட்டுக் கடை போட்டார்கள், ஒருவர் மெழுகுவத்தி விற்றார், ஒருவர் அத்தர் விற்றார், செருப்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தானாக முளைத்தான். நகராட்சி ஆணையர் தனபாலன் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்து, பிட்டர் தாவூதை மாடிக்கு ஏற்றிச் சங்கைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

"உள்ளே என்னய்யா இருக்கு?"

"மோட்டார் காயில் இருக்குங்க சார். கொஞ்சம் துரு."

"வேற?"

"ஒரு அணில் குட்டி போட்டிருக்குங்க."

"அதை யார் வச்சது?"

"அணிலோட புருஷன்தான் சார்" என்றான் தாவூது.

ஆணையர் சிரிக்கவில்லை. அவர் எதையும் தானாக முடிவு செய்யாத மனிதர். யாராவது வந்து தன்னைக் கட்டாயப்படுத்தும்வரை காத்திருப்பது அவர் வழக்கம்.

முதல் வாரம் முழுக்க எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டாம் வாரத்தில்தான் ஒருவன் இன்னொருவனை, "உனக்கு என்ன கேட்டுச்சு?" என்று கேட்டான். யார் முதலில் கேட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பிறந்த பிறகு வேறு கேள்வியே ஊரில் இல்லை என்றாயிற்று. மாதா கோவில் சந்துத் தையல்காரருக்கு உடுக்கை கேட்கிறது என்று அவர் கடைப் பையனே வெளியில் சொன்னான். மேலத் தெருவில் ஒரு மருமகளுக்குப் பாங்கு கேட்கிறது என்று மாமியார் கண்டுபிடித்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டால், "முக்காட்டை இழுத்துவிட்டாள், நான் பார்த்தேன்" என்றாள். பெண் பார்க்கப் போனவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் இதை விசாரித்தார்கள். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் சங்கு ஊதும் நேரத்தில் வந்து பார்க்கச் சொன்னார்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகு வாடகையைச் சொன்னார்கள். இதற்கெல்லாம் பயந்து, என்ன கேட்டாலும் முகம் மாறாமல் நிற்கப் பலர் கண்ணாடி முன்னால் பழகினார்கள். முகம் மாறாமல் நின்றவர்களை எல்லோரும் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள்.

கறுப்புச் சட்டை கதிரேசன் மட்டும் டீக்கடையில் சத்தமாகச் சொன்னான்: "எனக்கு வெறும் சங்குதான்யா கேக்குது."

"அப்புறம் எதுக்குக் கண்ணை மூடினே?" என்றான் குப்புராஜ்.

"தூசி."

"நாலு வேளையும் சரியாச் சங்கு ஊதும்போதுதான் தூசி விழுகுதா உனக்கு?"

மாதக் கடைசியில் மூன்று பேர் ஆணையரைப் பார்க்க வந்தார்கள். பெருமாள் கோவில் அறங்காவலர் ஆராவமுதன், ஜமாஅத் தலைவர் காஜா முகையதீன், மாதா கோவில் உபதேசியார் சவரிமுத்து. மூவரும் தனித்தனியே வந்து வாசலில் சந்தித்துக்கொண்டதால், சேர்ந்து வந்ததுபோல ஆயிற்று. காளி கோவில் பூசாரியை யாரும் கூப்பிடவில்லை. உடுக்கை கேட்கிறவர்கள் ஏரிக்கரைத் தெருக்காரர்கள். அவர்களுக்கு என்ன கேட்கிறது என்று யாரும் கேட்டதும் இல்லை.

"இனிமே அது வெறும் மெஷின் இல்லீங்க. சுத்தபத்தமா இருக்கணும். வெறுங்காலோட போய்த்தான் பொத்தானைத் தொடணும், ராகுகாலத்துல தொடவே கூடாது" என்றார் ஆராவமுதன்.

"ராகுகாலம் உங்க கணக்கு. எங்களுக்குச் சூரியன் கணக்கு" என்றார் காஜா முகையதீன். "தினம் ரெண்டு நிமிஷம் முன்னே பின்னே வரும். அதுக்குத் தகுந்தாப்பில ஊதச் சொல்லுங்க."

"பெரிய வெள்ளிக்கிழமை ஊதவே கூடாது" என்றார் சவரிமுத்து. கொஞ்சம் யோசித்து, "தவக்காலத்துல மெதுவா ஊதணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"மெதுவா ஊத அதுக்கு எங்கேய்யா திருகு இருக்கு?" என்றார் ஆராவமுதன்.

"பக்தி இருந்தா விரல்லயே இருக்கும்."

மூவரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். சங்கு எப்போது ஊத வேண்டும், யார் ஊத வேண்டும் என்பதைத் தாங்கள் மூவரும்தான் சொல்ல வேண்டும். ஆணையர் அதற்கு ஒரு குழு அமைத்துக் கையெழுத்துப் போட்டார். தன் பேனாவிலிருந்து ஓர் அதிகாரம் வெளியே போகிறது என்று அவருக்குத் தெரியும். போனால் போகட்டும், பழியும் கூடவே போய்விடும் என்று நினைத்தார்.

ஆனால் போனதற்குப் பதிலாக ஒன்று உள்ளே வந்தது, அதை அவர் எதிர்பார்க்கவில்லை. வீட்டு வரி கட்ட வந்தவர்கள் வெறுங்காலோடு வந்தார்கள். வெற்றிலைத் தட்டில் வரியை வைத்துக் கொடுத்தார்கள், ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சங்கு இருக்கும் கட்டடத்தின் அதிகாரி என்பதால் ஆணையர் நடந்தால் வழிவிட்டார்கள். சங்கு ஊதி முடிந்த கையோடு அவர் ஒலிபெருக்கியில் குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தி அறிவித்துப் பார்த்தார். கண்ணைத் திறக்காத கூட்டம் "சரி" என்று தலையாட்டியது. அதற்குப் பிறகு அவர் நெற்றியில் என்ன இட்டுக்கொள்வது என்று யோசிக்கத் தொடங்கினார். எதை இட்டாலும் இரண்டு தெரு கோபித்துக்கொள்ளும் என்பதால் எதையும் இடவில்லை, ஆனால் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டார். ஏரிக்கரைத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொல்ல வந்த ஒரு பெண்ணிடம் குமாஸ்தா, "குளிச்சிட்டுத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண், "சாக்கடை அடைச்சிருக்கும்போது எங்கே குளிக்கிறது?" என்றாள். அவளை உள்ளே விடவில்லை.

அவள் மரகதத்தின் மகள் செல்வராணி. ஏரிக்கரைத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

லஸ்கர் அய்யாக்கண்ணுவையும் உள்ளே விடவில்லை. ஏரியின் கரையையும் மதகையும் காவல் பார்ப்பது அவர் வேலை. மதகின் பக்கச் சுவரில் தண்ணீர் கசிகிறது, மணல் மூட்டை வேண்டும் என்று சொல்ல அவர் ஐப்பசி முழுக்க வந்தார். கடைசியில் ஒருநாள் படியில் இறங்கிய ஆணையரைப் பிடித்துவிட்டார்.

ஆணையர் தாழ்ந்த குரலில், "இப்படியொரு சங்கு இருக்கிற ஊரை ஏரி என்ன செஞ்சிடும், சொல்லுங்க?" என்றார்.

"ஏரிக்குக் காது கிடையாதுங்க" என்றார் அய்யாக்கண்ணு.

இதற்கிடையில் குழு மரகதத்தைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. அவள் வெறுங்காலோடு வந்தாள், சொன்ன நேரத்துக்கு ஊதினாள், எந்த வார்த்தைக்கும் எதிர்வார்த்தை பேசவில்லை. அதுதான் அவர்களுக்கு உறுத்தியது. ஆராவமுதன் அவளை மாதா கோவில் ஆள் என்று சந்தேகப்பட்டார், சவரிமுத்து அவள் புருஷன் செத்த பிறகு மேலத் தெருவுக்கே திரும்பிவிட்டாள் என்று சந்தேகப்பட்டார், காஜா முகையதீன் தன் தெருவிலேயே குடியிருந்துகொண்டு ஒருநாளும் தன்னிடம் வந்து எதுவும் சொல்லாதவளை இரண்டு விதமாகவும் சந்தேகப்பட்டார். மூவரும் ஒரு பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கு அறைக்கு வந்தார்கள்.

"காதுல என்னம்மா அது?" என்றார் ஆராவமுதன்.

"பஞ்சுங்க."

"ஊரே காதைத் தீட்டிக்கிட்டு நிக்குது, நீ அடைச்சுக்கிட்டு நிக்கிறியே. எடு."

"எடுத்தா காது போயிடுங்க. அவருக்கு அப்படித்தான் போச்சு."

"இன்னிக்கு ஒருநாள் எடு, மரகதம்" என்றார் காஜா முகையதீன், கொஞ்சம் தணிவாக. "என்ன கேக்குதுன்னு சொல்லிட்டு மறுபடி வச்சுக்கோ. அவ்வளவுதான்."

அவள் பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிடம் ஊதியது. அந்த ஒரு நிமிடமும் மூவரும் தங்களுக்குக் கேட்டதைவிட அவள் முகத்தையே அதிகமாகக் கவனித்தார்கள். அவள் கண் ஒருமுறை நிறைந்தது. கண்ணீர் கீழே விழவில்லை. விரலை எடுத்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"என்ன கேட்டுச்சு?"

மரகதம் பஞ்சை முடிச்சிலிருந்து எடுத்து உருட்டினாள். "அது என் வீட்டு விஷயங்க. இங்கே நான் நகராட்சி ஆள்."

"பார்த்தீங்களா, மறைக்கிறா" என்றார் சவரிமுத்து. மற்ற இருவரும், எதை மறைக்கிறாள் என்று ஆளுக்கொரு முடிவோடு, ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அன்று மாலையே அவளை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை இல்லை. ஆனால் அவள் இடத்தில் எந்தத் தெரு ஆளைப் போடுவது என்பதில் மூவருக்கும் உடன்பாடு வரவில்லை, ஆகவே தீர்மானம் ஆணையர் மேசையிலேயே கிடந்தது. கார்த்திகை மழை தொடங்கியது.

அது நின்று நிதானமாகப் பெய்த மழை. ஏரியின் அக்கரை தெரியாமல் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி கடந்த கொஞ்ச நேரத்தில், சங்கு அறைத் தொலைபேசியில் அய்யாக்கண்ணு பேசினார். மூச்சு வாங்கியது.

"மரகதம், மதகுச் சுவர் போச்சு. கரை பிளந்துக்கிட்டு வருது. அரைமணி தாங்கினா அதிகம். ஊது."

அவள் ஆணையரைக் கூப்பிட்டாள். அவர் மாடிப்படியிலேயே நின்று, "செவ்வாய்க்கிழமை, இது ராகுகாலமாச்சே" என்றார். "குழுவை ஒரு வார்த்தை கேட்டுடலாம். அவங்களுக்கு ஆள் அனுப்பு."

"ஆள் போய் வர்றதுக்குள்ள தண்ணி வந்துடுங்க சார்."

"நான் ஊதச் சொன்னேன்னு ஆகிடக்கூடாது, பாரு."

"ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

நிறுத்தாமல் ஊத வேண்டும் என்பது சுவரில் இருந்த விதி. அவள் நிறுத்தாமல் ஊதினாள். அழுத்தியபடியே ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. வந்து நின்றது. நின்று கண்ணை மூடிக்கொண்டது. தறிக்கொட்டகைகள் காலியாகி எல்லோரும் மழையில் நின்றார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், மார்க்கெட்டில் கத்தியைக் கையில் பிடித்தபடியே மீன்காரிகள் நின்றார்கள். எப்போதும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிற கடவுளின் குரல் இன்று முடியாமல் நீள்கிறதே என்று முகங்கள் மலர்ந்தன, சிலர் மண்டியிட்டார்கள், சிலர் மழையை ஏந்துவதுபோல இரண்டு கையையும் விரித்தார்கள். ஒருவர்கூட மேட்டின் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அவள் எவ்வளவு நேரம் அழுத்தினாளோ அவ்வளவு ஆழமாக அவர்கள் நின்றார்கள். ஏரிக்கரைத் தெருவின் முனையில், சாக்கடை பொங்கிக் கணுக்கால்வரை ஏறிய தண்ணீரில், செல்வராணி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்மூடி நிற்பதை அவள் பார்த்தாள்.

"ஓடு, ஓடு" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். சங்கின் கீழே அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஜன்னல் சாரலில் நனைந்து ஈரமான விரல் பொத்தானிலிருந்து வழுக்கிவிட்டது. சங்கு முனகி அடங்கியது. அவள் பதறி மறுபடி அழுத்தினாள். அந்த ஒரு மூச்சு இடைவெளியில் கீழே எல்லாக் கண்களும் திறந்தன. திறந்து, மேட்டை நோக்கித் திரும்பின. அவள் மறுபடி அழுத்தியதும் கண்கள் பாதி மூடின, ஆனால் புருவங்கள் நெறிந்தபடியே இருந்தன.

மரகதம் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வேண்டுமென்றே விரலை எடுத்தாள்.

பிறகு அழுத்தினாள், எடுத்தாள், அழுத்தினாள், எடுத்தாள். சங்கு தொடங்கித் தொடங்கி முனகியது. மேலத் தெருவுக்குச் சேகண்டி உடைந்து உடைந்து கேட்டது, பள்ளிவாசல் தெருவுக்குப் பாங்கு தொண்டையில் சிக்கிச் சிக்கிக் கேட்டது, மாதா கோவில் சந்துக்கு மணியின் நாக்கை யாரோ பிடித்துப் பிடித்து விடுவதுபோலக் கேட்டது, ஏரிக்கரைத் தெருவுக்கு உடுக்கைத் தோல் கிழிவதுபோலக் கேட்டது. ஒவ்வொருவரும் தங்கள் கடவுளின் கழுத்தை யாரோ நெரிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். நெரிப்பவள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஊர் ஓடி வந்தது. கல்லை எடுத்துக்கொண்டு வந்தவர்கள், தறிக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தவர்கள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள், கிழவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். கோபத்தை வீட்டில் விட்டுவிட்டு வர யாருக்கும் மனமில்லாததால் வீட்டில் ஒருவரையும் விட்டு வரவில்லை. கறுப்புச் சட்டை கதிரேசன் எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தான். எதற்கு என்று அவனைக் கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. கச்சேரி மேட்டின் படிகள் போதாமல் சரிவிலெல்லாம் ஏறினார்கள். சங்கு அறைக் கதவை உடைத்தார்கள். முதல் அடி யாருடையது என்பது தெரியவில்லை, அதற்குப் பிறகானவை எண்ணிக்கைக்குள் வரவில்லை. அவளை இழுத்து வெளியே போட்டார்கள். செல்வராணி குழந்தையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து தாயின்மேல் விழுந்து மறைத்தாள், மறைத்துக்கொண்டே அவளும் கேட்டாள்: "ஏம்மா இப்படிப் பண்ணினே? ஏம்மா நிறுத்தினே?"

அப்போதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது. அது எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்டது.

ஏரி எங்கள் ஊருக்குள் நடந்து வந்ததை மேட்டிலிருந்து பார்த்தோம். அது ஏரிக்கரைத் தெருவை முதலில் எடுத்துக்கொண்டது, பிறகு தறிக்கொட்டகைகளை, பிறகு மார்க்கெட்டை. பெருமாள் கோவில் தேரின் சக்கரங்கள் மறைந்தன. பள்ளிவாசல் பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக, விரித்தபடியே, தண்ணீரின்மேல் மிதந்து போயின. மாதா கோவில் ஆர்மோனியம் ஒரு புளியமரத்தின் கிளையில் போய் உட்கார்ந்தது, காற்றுப் பட்டபோது அதுவாக ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டது. கையில் கல் வைத்திருந்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஆணையர் தலைகளை எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்து, வாக்காளர் பட்டியலில் இருப்பதைவிட அதிகமாக இருக்கிறது என்றார்.

நன்றி என்று யாரும் மரகதத்திடம் சொல்லவில்லை. தண்ணீர் வடிவதற்குள், தண்ணீர் வந்தது எதனால் என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டிருந்தது: கடவுளின் குரலை அவள் அறுத்ததால்தான் கரை அறுந்தது. மதகு முன்பே போய்விட்டது என்று அய்யாக்கண்ணு சொன்னதை, அவர் உடுக்கை கேட்கிற தெருக்காரர் என்பதால் ஒதுக்கினார்கள். குழு மனு எழுதியது, ஆணையர் அதை மேலே அனுப்பினார், மரகதத்துக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. பொத்தானைத் தொட வேறு ஓர் ஆளும் முன்வராததால், உத்தரவை வாங்கிக்கொண்டு அவளே நான்கு வேளையும் ஊதினாள். அந்த நாட்களில் அது எப்படிக் கேட்டது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

மார்கழியில் மாவட்டத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. நகராட்சிக் கூடத்தில், இன்னும் சேறு வாடை போகாத மேசையில் உட்கார்ந்து குற்றச்சாட்டுகளைப் படித்தார். ராகுகாலத்தில் ஊதியது ஒன்று. அதற்குச் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டார். நிறுத்தி நிறுத்தி ஊதி மக்கள் மனத்தைப் புண்படுத்தியது இரண்டு.

"இது உண்மையானா வேலை போகும். தெரியுமா?" என்று மரகதத்தைக் கேட்டார்.

"தெரியுங்கம்மா."

"வேணும்னேதான் நிறுத்தினீங்களா?"

"ஆமாங்கம்மா. நின்னுக்கிட்டே இருந்தாங்க. வரவழைக்கணும்."

அதிகாரி மூவரையும் பார்த்தார். "புகார் உங்களோடது. பதிவு செய்யணும். ஆராவமுதன் ஐயா, அன்னிக்கு அது நின்னு நின்னு வந்தப்போ உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

ஆராவமுதன் வாயைத் திறந்தார். அவருக்குக் கேட்டது அவருக்கு நினைவிருந்தது: தன் பெருமாளின் சேகண்டி மூச்சுத் திணறியது, ஒரு கூலிக்காரியின் விரலுக்கு அடியில். இதை எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்த இருவருக்கும் முன்னால் சொன்னால், நாளைக்குப் பள்ளிவாசல் தெருவில் என்ன பேசுவார்கள் என்றும் மாதா கோவில் சந்தில் எப்படிச் சிரிப்பார்கள் என்றும் அவர் நினைத்துப் பார்த்தார். திரும்பிக் காஜா முகையதீனைப் பார்த்தார். காஜா முகையதீன் சவரிமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவரிமுத்து ஆராவமுதனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கு கேட்டுச்சுங்க" என்றார் ஆராவமுதன்.

"சங்குன்னா?"

"சங்குதாங்க. முனிசிபாலிட்டிச் சங்கு."

"உங்களுக்கு, பாய்?"

"அதேதாம்மா. மெஷின் சத்தம்."

"உபதேசியார்?"

"எனக்கும் சங்குதான். கொஞ்சம் துருப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் சவரிமுத்து. மற்ற இருவரும் சொன்னதைவிடத் தன்னுடையது நம்பும்படியாக இருக்கட்டும் என்று அதைச் சேர்த்துக்கொண்டார்.

"மெஷின் நின்னு நின்னு ஓடினா யார் மனசு புண்படும்?" என்று கேட்டார் அதிகாரி. அவர் இரண்டாவது குற்றச்சாட்டின் மேலும் கோடு போடப் பேனாவை எடுத்தார்.

"அம்மா" என்றாள் மரகதம். "பன்னெண்டு ஆகப்போகுது. போய் ஊதிட்டு வந்துடறேன்."

அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கு ஊதியது.

ஆராவமுதனின் இரண்டு கைகளும் மார்பு வரை எழுந்து, அங்கே வேலை இல்லாததால் சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கின. பொத்தான் ஏற்கெனவே போட்டிருந்தது. காஜா முகையதீனின் உதடு அசைந்தது, உடனே வெற்றிலை மெல்லுவதுபோல மென்றார், வாயில் வெற்றிலை இல்லை. சவரிமுத்துவின் விரல் நெற்றிக்குப் போய்ப் புருவத்தைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. மூவரும் மற்ற இருவரைப் பார்க்காமல் பார்த்தார்கள். பிறகு, சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருக்கும்போதே, மூவர் பார்வையும் ஒன்றாக மேசைப் பக்கம் திரும்பியது. வெளியூர்க்காரரான அந்த அதிகாரி அம்மா, கோடு போட எடுத்த பேனாவைக் காகிதத்தில் வைக்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சங்கு முனகி அடங்கிய பிறகுதான் பேனா கீழே இறங்கியது.

கேட்கலாமா என்று மூவருக்கும் நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.